அலைத்தடை மண்டபத்தில் முப்பத்திரண்டு பேர்

கதவு சாத்தப்பட்டதும் முப்பத்தொரு பேர் ஒரே நேரத்தில் தடுமாறினார்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயரமான ஓர் ஆள் தன் பெயரை இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்த்தார். தன்ஷிகா மட்டும் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதுவும் மாறவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பழைய நூல் கிடங்கு அது. சுவரிலும் கூரையிலும் தரைக்கு அடியிலும் செப்புக் கம்பி வலை பதித்து, எந்த அலையும் உள்ளே வராமல், உள்ளிருந்து எதுவும் வெளியே போகாமல் அடைத்திருந்தார்கள். அலைத்தடை மண்டபம் என்று அதற்குப் பெயர். நடுவே இரண்டு வரிசையில் பதினாறு பின்பால் மேசைகள் விளக்குகள் மினுங்க நின்றன. பக்கத்து அறைகளில் கட்டில்கள், சாப்பாட்டு மேசை, தேநீர் இயந்திரம். முதலாவது தேசிய பின்பால் போட்டி அங்கே மூன்று நாள் நடக்கப்போகிறது.

அந்த மூன்று நாளும் ஆட்டக்காரர்களின் உடனிகள் ஊமையாக இருக்கும்.

உடனி என்பது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கும் மிளகு அளவுச் சில்லு. ஒருவர் உணர்வதை மற்றவர்களும் உணர்வதற்காக வந்தது. பதினான்கு வருடங்களில் எண்பது கோடிப் பேர் அதை வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துக்கம் வந்தால் அது எண்பது கோடியாகப் பிரிந்து தூசியாகிவிடும். சந்தேகம் வந்தால் அது முளைக்கும் முன்பே பதில் வந்துவிடும். சண்டைகள் குறைந்தன. நீதிமன்றங்களில் பாதியை மூடினார்கள்.

விளையாட்டுகளும் அதோடு செத்தன. சதுரங்கம் ஆட உட்கார்ந்த இரண்டு பேருக்கும் நாட்டின் எல்லா மூளைகளும் உதவியதால் எல்லா ஆட்டமும் சமநிலையில் முடிந்தது. பந்து வீசுகிறவன் நினைத்தது மட்டையைப் பிடித்தவனுக்கு முன்பே தெரிந்தது. பத்து வருடம் கழித்து ஜனங்களுக்கு ஓர் ஏக்கம் வந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், எதிலாவது ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்பால் கழகம் என்று ஒன்று கிளம்பியது. சாய்ந்த மேசையில் உருண்டு வரும் எஃகுப் பந்து, அது கீழே குழியில் விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்புவது, அவ்வளவுதான் ஆட்டம். பந்துக்கு மனம் கிடையாது, அதனால் அதை முன்கூட்டி உணர முடியாது. ஆடுகிறவரின் மனதை அடைத்துவிட்டால் போதும். மேசைகள் சிறியவை, ஒரு மண்டபத்துக்குள் அடங்கிவிடும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பின்னல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள் தன்ஷிகா. வயது முப்பத்தொன்பது. உடனி வந்த புதிதில் அவளுக்கும் மூன்று முறை பொருத்திப் பார்த்தார்கள். மூன்று முறையும் நரம்பு ஏற்கவில்லை. லட்சத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்றார் மருத்துவர். சீட்டில் 'இணைவு ஏலாமை' என்று எழுதினார். தெருவில் அதற்குப் பெயர் 'ஒத்தை'.

கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு நாற்பது பெண்கள் நீளமான மேசையில் உட்காருவார்கள். ஒரு சொல் இருக்காது. திடீரென்று நாற்பது பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். எதற்கென்று தன்ஷிகாவுக்குத் தெரியாது. முதல் வருடம் கேட்டுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் யோசித்துவிட்டு, "அதை எப்படிச் சொல்றது" என்றாள். உண்மையாகவே அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் அம்மாவும் அப்படித்தான். அம்மாவுக்குக் கோபம் எதுவும் இல்லை, பேசுவது மறந்துபோயிருந்தது. அம்மா போன பிறகு வீட்டில் இருந்த அமைதிக்கும் முன்பிருந்த அமைதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தபோதுதான் தன்ஷிகா அழுதாள்.

கம்பெனி கிடங்கில் யாரோ போட்டுவைத்திருந்த பழைய பின்பால் மேசை ஒன்று இருந்தது. அதைப் பிரித்து, கருகிய கம்பிச்சுருளை மாற்றி, துடுப்புக்கு ரப்பர் போட்டு ஓடவைத்தாள். பிறகு சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேதான். ஒன்பது வருடம்.

மதுரையில் மாநிலத் தகுதிச் சுற்று நடந்தது. தொலைபேசிக் கூண்டு மாதிரி செப்பு வேய்ந்த ஐந்து கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மேசை. ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் ஆடிவிட்டு வரவேண்டும். ஐந்து மேசைப் புள்ளிகளையும் கூட்டி முதல் இரண்டு பேர் தேசியப் போட்டிக்கு. பெரும்பாலானவர்கள் கூண்டுக்குள் பத்து நிமிடம்கூடத் தாங்காமல் வியர்த்து வெளியே ஓடிவந்தார்கள். தன்ஷிகா ஒவ்வொரு கூண்டிலும் ஒதுக்கிய நாற்பது நிமிடத்தையும் முழுதாக ஆடினாள். முதலிடம்.

இரண்டாம் இடம் பெற்றவர்தான் மண்டபத்தில் தன் பெயரைச் சொல்லிப் பார்த்த உயரமான ஆள். தூத்துக்குடி ஆல்ட்ரின். உப்பளத்தில் தர ஆய்வாளர். நாற்பத்தாறு வயது.

முதல் நாள் காலைத் தேநீருக்கு அவர்தான் அவளிடம் வந்தார். வாயைத் திறந்தார், மூடினார், பிறகு சிரித்துவிட்டார்.

"பேசி ரொம்ப நாளாச்சு. எங்க ஆரம்பிக்கதுன்னே தெரியல."

தன்ஷிகாவின் கை தம்ளரோடு நின்றது. அவள் எதுவும் கேட்காமலேயே ஒருவர் அவளிடம் வந்து பேசிப் பல வருடம் ஆகியிருந்தது.

"பேர்ல இருந்து ஆரம்பிக்கலாமுங்க" என்றாள்.

அன்று அந்த மண்டபம் பேச்சால் நிரம்பியது. உடனி வழியாகப் பத்து வருடம் ஒருவரையொருவர் முழுக்கத் தெரிந்துவைத்திருந்த பஞ்சாபிக்காரருக்கும் அசாம் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை என்பது வெளிப்பட்டது. கையைக் காட்டியும் முகத்தைச் சுளித்தும் பேசினார்கள். ரொட்டியைக் காட்டி அவர் ஒரு சொல் சொன்னார், அவள் ஒரு சொல் சொன்னாள், இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தன்ஷிகாவுக்குப் புரிந்தது. அவளும் சிரித்தாள்.

ஆட்ட விதிகளைக் கழகம் எளிதாக வைத்திருந்தது. இருவர் மோத வேண்டும். ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயித்தால் அடுத்த சுற்று. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆளுக்கு மூன்று பந்து, மாற்றி மாற்றி. முந்தைய ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த மேசையைத் தேர்ந்தெடுக்கலாம். பந்தைத் திருப்புவதற்கு மேசையை லேசாக இடிக்கலாம். அதிகம் குலுக்கினால் துடுப்புகள் செத்து, பந்து கண்முன்னால் குழிக்குள் போகும். முறையீடு கிடையாது. ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு நிழற்படக் கண், ஒலி பிடிக்காதது. கம்பி வழியாக அந்தப் படத்தை நாடே பார்த்தது. முகம் தெரியும், மனம் தெரியாது. எண்பது கோடிப் பேருக்கு அதுதான் போதையாக இருந்தது.

தோற்றவர் வெளியேற வேண்டும். வெளியேறியவர் திரும்ப வரக்கூடாது.

தன்ஷிகா இதை முதல் சுற்றின் முடிவில்தான் முழுதாக உணர்ந்தாள். அவளிடம் தோற்ற நாக்பூர்க்காரர் கைகுலுக்கினார். காலையில்தான் அவர் தன் மகளின் பெயரை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். இரட்டைக் கதவில் உள்கதவு திறந்தது, அவர் போனார், அது மூடிய பிறகே வெளிக்கதவு திறந்தது. பேசுவதற்கு ஓர் ஆள் குறைந்தார். மாலைக்குள் பதினாறு பேர் குறைந்தார்கள். உள்ளே இருக்க வேண்டுமென்றால் அவள் ஜெயிக்க வேண்டும்; அவள் ஜெயித்தால் யாராவது ஒருவர் போக வேண்டும்.

இரண்டாம் நாள் காலை, ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நடுவரையும் இழந்தார்கள். அவரும் உடனி வைத்தவர்தான். மௌனம் தாங்காமல் ஒரு மேசைக்கடியில் சுருண்டு கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீதியை நிழற்படக் கண்ணே பார்த்துக்கொள்ளும் என்று கழகம் ஒரு சீட்டு அனுப்பியது.

அன்று சாப்பாட்டு மேசையில் ஆல்ட்ரின் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"ஒடம்பு சரியில்லீங்களா?" என்றாள் தன்ஷிகா.

"எம் பொண்டாட்டி செத்துப்போயிட்டா."

அவள் பதறிப்போனாள். "எப்போ? சேதி வந்துச்சுங்களா?"

"ஆறு வருசம் ஆச்சு." அவர் தட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஜெனிலா. அடக்கம் முடிஞ்சு ஒரு வாரத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல. எல்லாரும் பிரிச்சு எடுத்துக்கிட்டாவ. எனக்கு வந்தது ஒரு உப்புக்கல்லு அளவு. நேத்து கட்டில்ல படுத்தேன், முழுசும் வந்து நெஞ்சுல ஏறிட்டு. எங்க இருந்துச்சோ இவ்வளவு நாளும். இப்பத்தான் அவ செத்தா, கேட்டியளா. எனக்கு நேத்துதான் செத்தா."

தன்ஷிகா தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "வெளிய போயிடறீங்களா? போனா சரியாயிடுமுங்க."

"அதுக்குத்தான் போக மாட்டேன்" என்றார் அவர்.

அன்று அவர் வெறிபிடித்தவர் மாதிரி ஆடினார். அவளும் ஆடினாள். மூன்றாம் நாள் மதியம் மண்டபத்தில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

இறுதிப் போட்டி மூன்றுக்கு மூன்று என்று போய், ஏழாவது ஆட்டத்துக்கு வந்தது. மேசையின் பெயர் 'புயல் மீனவன்'. ஆல்ட்ரின் மூன்று பந்தையும் முடித்து நாற்பத்தோரு லட்சத்தில் நின்றார். தன்ஷிகா நாற்பது லட்சத்து எழுபதாயிரம். கையில் கடைசிப் பந்து. படகுக்குள் போகும் ஏறுபாதையில் ஒரு முறை பந்தை ஏற்றினால் ஒரு லட்சம். அவள் அதை அன்று இருபது தடவையாவது செய்திருப்பாள்.

பந்து இறங்கி வந்தது. வலது துடுப்பைத் தூக்கிப் பிடித்து, பந்தை அதன் மடியில் நிறுத்தினாள். அப்படியே நின்றாள்.

ஒரு நிமிடம் போனது. பிறகு இன்னொன்று.

"எதுக்குப் பிடிச்சிட்டே நிக்கிய?" என்றார் ஆல்ட்ரின்.

"அடிச்சாலும் முடிஞ்சிரும். விட்டாலும் முடிஞ்சிருமுங்க."

அவர் பக்கத்தில் வந்து மேசை விளிம்பில் கை வைத்தார்.

"நீங்க ஜெயிச்சுக்கறீங்களா?" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல். "எனக்கு இந்தக் கோப்பைய வச்சுப் பண்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"வேண்டாம். நீங்க விட்டுக்குடுத்தது எனக்குத் தெரியுமில்லா? வெளிய போன அடுத்த நிமிசம் எண்பது கோடிப் பேருக்கும் தெரியும். எங்கிட்ட ஒரு ரகசியம்கூடத் தங்காது." அவர் துடுப்புப் பொத்தானில் இருந்த அவள் விரலைப் பார்த்தார். "அடிங்க. கை வலிக்குமில்லா."

அவள் அடித்தாள். பந்து படகுக்குள் ஏறியது. விளக்குகள் எல்லாம் எரிந்தன, மேசை கத்தியது.

கதவு திறக்க ஒரு நிமிடம் இருந்தது. ஆல்ட்ரின் வேகமாகப் பேசினார். "தூத்துக்குடிக்கு ஒரு நாள் வாங்க. உப்பளத்துக்குப் பின்னால கடல் இருக்கு, ஜெனிலாவும் நானும் அங்கதான் சாயங்காலம் போவோம். நீங்க வந்தியன்னா நான்..."

கதவு திறந்தது. அந்த வாக்கியம் அதோடு நின்றது. அவருடைய தோள்கள் இறங்கின. முகத்தில் இருந்த வீக்கத்துக்கு நடுவே ஒரு நிம்மதி பரவியதை அவள் பார்த்தாள். மருந்து ஏறுகிற நோயாளியின் முகம்.

"வாழ்த்துகள்" என்றார் அவர் தெளிவான தமிழில். தூத்துக்குடியே அதில் இல்லை. "நாங்கள் எல்லோரும் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்."

"தூத்துக்குடிக்கு வந்தா என்னன்னு சொல்ல வந்தீங்க?"

அவர் அன்பாகத்தான் அவளைப் பார்த்தார். "அது ஒரு வலி. இப்போது இல்லை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தன்ஷிகா கோப்பையைத் திருப்பூருக்குக் கொண்டுபோய் பீரோ மேல் வைத்தாள். கம்பெனியில் நாற்பது பெண்களும் அவளைப் பார்த்து ஒரே மாதிரிப் புன்னகைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் புன்னகை வேறு எங்கோ போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்கு பஸ் ஏறலாம் என்று நிலையம் வரை போனாள். அங்கே போய் யாரிடம் பேசுவது என்று தோன்றியதும் திரும்பிவிட்டாள்.

எட்டு மாதம் கழித்துக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பின்பால் என்பது மனிதன் தனிமையை எதிர்த்து ஆடும் ஆட்டம். அந்தத் தனிமை எல்லோருக்கும் ஒரே அளவு புதிதாக இருப்பதே நியாயம். ஒத்தைகள் அதற்கு வருடக்கணக்கில் பழகியவர்கள். அது ஊக்கமருந்து எடுத்துக்கொண்டு ஓடுவதற்குச் சமம். ஆகவே இனிமேல் குறைந்தது ஒரு வருடம் உடனியோடு வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே போட்டியில் அனுமதி.

கூடவே ஒரு மனுவின் நகல். அவளை விலக்கக் கோரி, மண்டபத்தில் அவளோடு இருந்த முப்பத்தொரு பேரும் இட்ட ஒப்பம். எல்லா ஒப்பத்துக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது. எல்லாமே ஒரே நாள், ஒரே நொடி. பதினேழாவது பெயர் ஆல்ட்ரின்.

அவள் அந்தக் காகிதத்தை மடித்து வைத்தாள். பிரித்துப் பார்த்தாள். திரும்பவும் மடித்தாள்.

கடிதத்தின் அடியில் இன்னொரு பத்தி இருந்தது. மௌனத்தில் நிலைகுலையாத ஒரு நடுவர் கழகத்துக்குத் தேவைப்படுகிறார். ஒத்தை ஒருவரே அதற்குத் தகுந்தவர். நடுவராக வரச் சம்மதமா?

வேண்டாம் என்று எழுத உட்கார்ந்து, சம்மதம் என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டாவது வருடம் அதே மண்டபத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். கதவு சாத்தப்பட்டதும் முப்பத்திரண்டு பேரும் தடுமாறினார்கள். ஆல்ட்ரினும் வந்திருந்தார். நடுவர் ஆட்டக்காரர்களோடு உரையாடக் கூடாது என்பது விதி. சாப்பாடுகூடத் தனி அறையில். பக்கத்து அறையில் பேச்சும் சிரிப்பும் கேட்க, அவள் தன் சோற்றைச் சாப்பிட்டாள். மொழி தெரியாதவர்கள் ரொட்டிக்குப் பெயர் சொல்லிச் சிரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பந்து எங்காவது சிக்கிக்கொண்டால் மட்டும் ஆட்டக்காரர் கையைத் தூக்கலாம். நடுவர் வருவார். ஆட்டக்காரர் காரணத்தை நடுவர் தாளில் தன் கையால் எழுதி ஒப்பமிட வேண்டும். நடுவர் கண்ணாடியைத் திறந்து பந்தை விடுவிப்பார்.

முதல் நாள் முழுக்க ஒரே ஒரு கைதான் தூக்கப்பட்டது. இரண்டாம் நாள் காலை ஆல்ட்ரின் கையைத் தூக்கினார்.

அவள் போனாள். பந்து அவருடைய இடது துடுப்பின் மடியில் தெளிவாக உட்கார்ந்திருந்தது.

"எங்க சிக்கிருக்குதுங்க?" என்றாள், விதிப்படி.

"குனிஞ்சு பாருங்க. பாக்கற மாதிரி இருங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்துல இருந்து ஒங்க முகத்தப் பாக்க முடியல எனக்கு. அந்த மனுல நான் ஒப்பம் போட்டிருக்கேன். உள்ள வந்து கதவு சாத்துனதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவள் கண்ணாடியின் மேல் குனிந்தாள்.

"வெளிய இருக்கையில அது சரின்னு பட்டுச்சு. எனக்குப் பட்டுச்சா, எல்லாருக்கும் பட்டது எனக்கு வந்துச்சான்னு பிரிக்கத் தெரியல. நாளைக்கு வெளிய போனா மறுபடியும் சரின்னுதான் படும். அதுக்குள்ள நான் சொல்லிரணும். தப்பு, தன்ஷிகா. நீங்க ஆடணும்."

"என்கிட்டச் சொல்லி என்னங்க பண்றது?"

"தாளக் குடுங்க."

நடுவர் தாளில், காரணம் என்ற கட்டத்தில், அவர் எழுதினார். எழுதிப் பழக்கமில்லாத கை. எழுத்துகள் கோணலாக ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. 'மனுவில் ஒப்பமிட்டவன் நான். இந்த அறைக்குள் இருக்கும் நான் அதை ஏற்கவில்லை. இவர் ஆட வேண்டும். என் மனைவி இறந்த துக்கத்தை இவர் ஒருவரிடம்தான் நான் சொல்லியிருக்கிறேன்.' கீழே முழுப் பெயரையும் எழுதினார்.

அவள் தாளை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது இரண்டு மேசை தள்ளி அசாம் பெண் கையைத் தூக்கியிருந்தாள். அவளுடைய பந்தும் எங்கும் சிக்கவில்லை. அவளுக்கும் தன்ஷிகாவுக்கும் பொதுவாக எந்த மொழியும் இல்லை. அசாம் பெண் தாளை வாங்கி ஒரு மேசையையும் அதன் முன்னால் நிற்கும் ஒரு பெண்ணையும் வரைந்தாள். சாம்பல் சட்டை போடாத பெண். தன் பெயரை எழுதி, பேனாவை இரண்டு கையாலும் நீட்டினாள்.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் பதினொரு தாள்கள் சேர்ந்தன. இரண்டு தமிழில். மீதியில் பல தன்ஷிகா படிக்கத் தெரியாத எழுத்துகளில். அவற்றையும் அவள் வரி விடாமல் பார்த்தாள்.

போட்டி முடிந்ததும் தாள்களைக் கழகத்தின் செயலாளர் விஸ்வஜித்திடம் கொடுத்தாள். மண்டபத்துக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் அவர். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்தார். அவர் படிக்கப் படிக்க எண்பது கோடிப் பேரும் படித்திருப்பார்கள். பிறகு ஓர் இமைப்பு நேரம் கண்ணை மூடினார்.

"பதினொரு பேரையும் கேட்டுட்டோம் மேடம். ஒருத்தரும் இதை ஒத்துக்கல."

"அவங்க கையாலதானுங்க எழுதுனாங்க. நான் பக்கத்துல நின்னேன்."

"எழுதினாங்க. மறுக்கல. ஆனா துண்டிச்ச நிலையில எழுதினது. பயத்துல, துக்கத்துல இருக்கற தனி மனசு எதையும் எழுதும். அதைச் சாட்சியா எடுத்துக்க முடியாது."

"அப்ப உள்ள ஆடி ஜெயிச்சது யாருங்க? அதுவும் அதே தனி மனசுதானுங்களே? அது ஜெயிச்சது மட்டும் செல்லுமுங்களா?"

விஸ்வஜித்தின் பார்வை அவளைத் தாண்டி எங்கோ நின்றது. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களும் அந்த நொடியில் நடையைத் தளர்த்தியதுபோல் அவளுக்குத் தோன்றியது. பிறகு எல்லாம் பழையபடி நகர்ந்தது.

"ஜெயிச்சது கை மேடம்" என்றார் அவர். "கையில தப்பு வர்றதில்ல." தாள்களை அடுக்கி அவள் பக்கமாகத் தள்ளினார். "இது எங்களுக்கு வேண்டாம். அடுத்த வருஷமும் நடுவரா நீங்களே வரணும். எல்லாரும் விரும்பறாங்க."

அவள் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஆல்ட்ரின் காத்திருந்தார். கால் இறுதியில் தோற்று முந்தின நாள் மாலையே வெளியேறியவர். முகம் அமைதியாக, கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது.

"அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். "அது உங்களிடம் இருப்பது எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. கிழித்துவிடலாம்."

தன்ஷிகா தாளை எடுத்து அவர் முன்னால் பிடித்தாள். "இது யாரோட எழுத்துங்க?"

அவர் குனிந்து பார்த்தார். கோணல் வரிகளில் கண் ஒரு முறை ஓடியது. கடைசி வரியில் கொஞ்சம் நின்றது.

"எழுத்து என்னுடையதுதான். எழுதியது நான் இல்லை."

"அப்படீங்களா."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்து, பையின் வாரை இழுத்து மூடினாள்.

"அப்ப உங்ககிட்டத் தர முடியாதுங்க. எழுதுனவர் வந்து கேக்கட்டும், அவர்கிட்டத் தர்றேன்."

"அவர் எப்படி வருவார்?" என்றார் ஆல்ட்ரின். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை; அவரோடு சேர்ந்து எண்பது கோடிப் பேருக்கும் தெரியவில்லை.

"தகுதிச் சுற்றுல தேறணுமுங்க. போன மாசம் மதுரையில அவரு நாலாவது கூண்டுல ரொம்பத் தடுமாறுனாருன்னு படத்துல பாத்தேன். நல்லாப் பயிற்சி எடுத்துக்கச் சொல்லுங்க."

திருப்பூர் பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. வண்டி கிளம்பியபோது திரும்பிப் பார்த்தாள். ஆல்ட்ரின் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் வெற்று வெளியில், இடுப்பு உயரத்தில், இல்லாத ஒரு மேசையின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருந்தன. கண்கள் அந்தக் கைகளைப் பார்க்கவே இல்லை.